மேற்குச் சுவர் நிழலில் நின்ற வண்டிகள்

தூத்துக்குடிப் பெரிய பஜாரிலிருந்து கடல் பக்கமாகக் கொஞ்சம் நடந்து இடதுபுறம் திரும்பினால் வருகிற தெருவில் எங்கள் கடை இருக்கிறது. பெயர்ப்பலகையில் மேட்சிங் சென்டர் என்று போட்டிருக்கும். சேலைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி, உள்ளே வைத்துத் தைக்கிற லைனிங், சேலை ஓரத்துக்கு ஃபால்ஸ், ஊக்கு, நூல். இவ்வளவுதான் வியாபாரம். உடன்குடிப் பக்கம் பிறந்த நான் கல்யாணமாகி இந்தக் கடைக்குத்தான் வந்தேன் என்று சொல்ல வேண்டும். வீடு ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்பில் இருந்தாலும், விழித்திருக்கிற நேரமெல்லாம் கடையில்தான் கழிகிறது.

பஜாரில் இத்தனை வருஷம் இருந்தவர்களுக்குத் திருட்டு ஒரு புது விஷயமில்லை. அதற்கும் மழை, வெயில் மாதிரி ஒரு காலம் உண்டு. தீபாவளிக்கு முந்திய வாரம் பர்ஸ் போகும். மாதா கோவில் திருவிழாவில் கழுத்துச் சங்கிலி போகும். முகூர்த்த மாதங்களில் ஜவுளிக்கடை வாசலில் வைத்த பை, திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விடும். எல்லாமே கூட்டத்தில் நடப்பவை. அதனால் கூட்டம் என்றால் உஷாராக இருப்பதும், கூட்டம் இல்லையென்றால் அசந்து இருப்பதும் எங்களுக்குப் பழகிவிட்டது.

போன கோடையில் அந்தப் பழக்கம் எங்களைக் கைவிட்டது. எங்கள் தெருவில், கூட்டமே இல்லாத மத்தியான நேரத்தில், நிறுத்தி வைத்த ஸ்கூட்டர்களின் சீட்டை நெம்பித் தூக்கி உள்ளே இருப்பதை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு தடவை செல்போன். ஒரு தடவை ஒரு பெண் வங்கியில் வைத்துவிட்டு வந்த நகைப்பெட்டியின் சாவி. அவள் சாவிக்காக அழுத அழுகையைப் பார்த்து நகையே போய்விட்டது என்று நினைத்துத் தெருவே கூடியது. அதற்கப்புறம் மாதத்துக்கு இரண்டு மூன்று என்று தொடர்ந்து நடந்தது. தெருவில் பேச்சு மாறியது. துறைமுகத்துக்கு வருகிற லாரிக்காரர்கள் என்றார்கள். கட்டட வேலைக்கு வந்திருக்கிற வடநாட்டுப் பையன்கள் என்றார்கள். கயிறும் வலையும் வாங்க வருகிற கடற்கரைக்காரர்கள் என்றார்கள். ஒவ்வொரு கடைக்காரருக்கும் அவருக்குப் பிடிக்காத ஒரு ஆள் இருந்தான், அவன்தான் திருடன்.

எங்கள் கடைக்கு இரண்டு கடை தள்ளிப் பாத்திரக்கடை. அதன் அண்ணாச்சி நல்ல மனிதர். என் மாமனார் இறந்தபோது மூன்று நாளும் தன் கடையை அடைத்துவிட்டு எங்கள் வீட்டிலேயே கிடந்தவர். ஆனால் சட்டென்று கையை நீட்டிவிடுவார். அன்றைக்கு நடந்ததும் அப்படித்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அடைத்த கடைகளைத் திரும்பத் திறந்த நேரம். பெரியதாழையிலிருந்து வருவதாகச் சொன்ன ஒரு மீனவர் என் கடையில் நின்றுகொண்டிருந்தார். முப்பது வயது இருக்கலாம். மனைவி கொடுத்தனுப்பிய சேலைத் துண்டு ஒன்றைக் கையில் பொத்திப் பிடித்திருந்தார். மெரூன் நிறம். நான் எடுத்துப் போட்ட துணிகளை ஒவ்வொன்றாகத் துண்டின் பக்கத்தில் வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, வேண்டாம் என்றார். பெண்கள்கூட அவ்வளவு பார்க்க மாட்டார்கள். தப்பான நிறத்தைக் கொண்டுபோனால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவள் வரமாட்டாள் என்று காரணமும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாங்கிக்கொண்டு வெளியே போனார்.

அவர் தன் பைக் பக்கம் போவதற்கும் ஒரு பெண் கத்துவதற்கும் சரியாக இருந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியை அவர். நகைக்கடையில் மெருகு போட்டு வாங்கிய மகளின் கொலுசை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் பாத்திரக்கடைக்குள் போயிருக்கிறார். திரும்பி வந்தால் சீட்டு ஒரு பக்கமாகத் தூக்கி நிற்கிறது, கொலுசு இல்லை. ஸ்கூட்டருக்குப் பக்கத்து வண்டி அந்த மீனவருடையது. நான் வெளியே வந்து பார்த்தபோது பாத்திரக்கடை அண்ணாச்சி அவர் சட்டையைப் பிடித்திருந்தார்.

"ஏலே, எங்கன போற? பையத் தொற."

மீனவர் அந்தக் கையை விலக்கவில்லை, எதிர்க்கவும் இல்லை. பையைத் திறந்து காட்டினார். ஒரு சுருள் நைலான் கயிறு, என் கடைக் கவரில் மெரூன் துணி. "அந்தக் கடையிலதான் நின்னேன் அண்ணாச்சி, கேட்டுப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். அதற்குள் சுற்றிலும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுக்க ஆரம்பித்திருந்தார்.

நான் போய் இடையில் நின்றேன். "சட்டைய விடுங்க அண்ணாச்சி. இவ்வளவு நேரமும் இவரு என் முன்னாலதான் நின்னாரு. இருக்கிற மெரூன எல்லாம் இறக்க வச்சாரு" என்றேன்.

அண்ணாச்சி கையை எடுத்துவிட்டார். ஆனால் கோபம் என் பக்கம் திரும்பியது. "நீங்க படுதாவ இறக்கிட்டு உள்ள இருக்கிய. வெளிய என்ன நடந்துச்சின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மீனவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஆசிரியை போலீஸ் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டார். கூட்டம் கலைந்தது. நான் மட்டும் கல்லாவில் உட்கார்ந்து அண்ணாச்சி கேட்டதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கோபத்தில் கேட்டாலும் அது நியாயமான கேள்விதான். மீனவர் உள்ளே நின்றது எனக்குத் தெரியும். வெளியே நின்றது யார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எங்கள் வரிசைக் கடைகள் மேற்குப் பார்த்தவை. மத்தியானம் சாய்ந்தால் வெயில் நேராகக் கடைக்குள் இறங்கும். ஒரு வாரம் அந்த வெயில் பட்டால் போதும், லைனிங் துணி மடிப்பில் வெளுத்துவிடும். அதனால் வாசலில் தடித்த தார்ப்பாய்ப் படுதாவை இறக்கிவிட்டு, ஓரத்தில் ஆள் நுழைய இடம் விட்டு உட்கார்ந்திருப்போம். நான் மட்டுமில்லை, வரிசை முழுக்க அப்படித்தான். எதிர்ப்பக்கம் உப்பு மூட்டை அடுக்குகிற பழைய கிட்டங்கி ஒன்றின் நீளமான சுவர். அதில் வாசலும் இல்லை, ஜன்னலும் இல்லை.

மறுநாள் காலையில் ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். சின்ன வயது, மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மதுரைப் பக்கத்துப் பேச்சு. கடைக்காரர்கள் பத்துப் பேர் என் கடை வாசலில் கூடினோம். எல்லோரும் ஒரே நேரத்தில் யார் யார் மேல் சந்தேகம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். லாரி, வடநாடு, கடற்கரை. அந்த அம்மா தேநீரைக் குடித்து முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆளைச் சொல்லாதீங்க. இடத்தைச் சொல்லுங்க" என்றார்.

பிறகு என்னிடம் சாக்பீஸ் இருக்கிறதா என்று கேட்டார். தையற்காரர்கள் துணியில் கோடு போடுகிற சாக்குதான் என்னிடம் இருந்தது, ஊதாவும் ரோஸும். ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். எல்லோரையும் தெருவில் இறங்கச் சொன்னார். எந்த வண்டி எங்கே நின்றது என்று ஞாபகமுள்ளவர்கள் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட வேண்டும். பாத்திரக்கடை அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து வட்டம் போட்டார். மூலையில் பேக்கரி வைத்திருக்கிற அக்கா, மக்ரூன் பிஸ்கட் மாவு ஒட்டிய கையோடு வந்து இரண்டு வட்டம் போட்டார். நானும் ஆசிரியையின் ஸ்கூட்டர் நின்ற இடத்தில் போட்டேன்.

முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தோம். வட்டங்கள் எல்லாம் கிட்டங்கிச் சுவரை ஒட்டியே கிடந்தன. எங்கள் பக்கம் ஒன்றுகூட இல்லை. காலையில் எங்கள் கடை வாசலில்தானே வண்டிகள் நிற்கின்றன, இங்கே ஏன் ஒன்றுகூடப் போகவில்லை என்று அந்த அம்மா கேட்டார். பேக்கரி அக்காதான் முதலில் பிடித்தார். "காலையில நிழலு இங்கன. மத்தியானம் நிழலு அங்கன. சனங்க நிழலப் பாத்துத்தான வண்டிய விடுதாங்க" என்றார்.

அதற்கப்புறம் எனக்கும் விளங்கியது. காலையில் வண்டிகள் எங்கள் கண் முன்னே நிற்கின்றன. வெயில் திரும்பியதும் அவை சுவர் ஓரத்துக்குப் போகின்றன. அதே நேரத்தில் நாங்கள் படுதாவை இறக்கிவிடுகிறோம், அல்லது கடையையே அடைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறோம். தெரு முழுவதும் முகத்தை மூடிக்கொண்டு தூங்குகிறது. நான் இதைச் சொன்னபோது அந்த அம்மா எங்கள் வரிசையைத் திரும்பி ஒரு தடவை பார்த்தார். பாத்திரக்கடை வாசலில் ஒரு கேமரா இருந்தது. அதில் பார்க்கலாமே என்று அண்ணாச்சி கூட்டிப்போனார். காலைக் காட்சி தெளிவாக இருந்தது. மத்தியானம் சூரியன் நேரே கண்ணாடியில் விழுந்து, திரை வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. திருடனுக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. வெயிலே அவனுக்குத் துணையாக இருந்தது.

என்ன செய்வது என்று பேசினோம். சுவர் ஓரத்தில் வண்டி விடாதீர்கள் என்று சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை, இந்த ஊர் வெயில் அப்படி. கிட்டங்கிச் சுவரில் எழுதிப் போடலாம் என்றார் ஒருவர். கடைசியில் இரண்டு காரியம் முடிவானது. தார்ப்பாயை எடுத்துவிட்டு, செடிகளுக்கு மேலே கட்டுகிற பச்சை நிழல்வலையை வாசலில் கட்டுவது. வெயில் தணியும், உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெருவும் தெரியும். இரண்டாவது, மத்தியானத்தில் வரிசையில் சில கடைகளாவது முறை வைத்துத் திறந்திருப்பது.

வலைக்கு எல்லோரும் சம்மதித்தார்கள். மத்தியானம் திறப்பதற்குத்தான் ஆள் இல்லை. பாத்திரக்கடை அண்ணாச்சி, அந்த நேரத்தில் பேய்கூட வராது, யாருக்கு விற்பது என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தரையில் பாய் விரித்து ஒரு தூக்கம் போடுவதை என் வீட்டுக்காரர் எந்தக் காலத்திலும் விட்டதில்லை. எங்கள் கல்யாணத்தன்றே மத்தியானம் அவரைக் காணோம் என்று தேடியிருக்கிறார்கள். நான்தான் சொன்னேன், நீங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள், நான் கடையில் இருக்கிறேன் என்று. அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டும்.

முதல் சில நாட்கள் உண்மையாகவே யாரும் வரவில்லை. நான் டிபன் பாக்ஸில் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டேன். பேக்கரி அக்காவும் கடையைத் திறந்து வைத்திருந்தார். தட்டில் பொரித்த மீனை வைத்து எடுத்துக்கொண்டு வந்து என் ஸ்டூலில் உட்காருவார். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசியதே இல்லை. அவர் தன் பாட்டனார் முத்துக் குளித்த கதையைச் சொல்வார், நான் எங்கள் ஊர்ப் பனை கதையைச் சொல்வேன். கொஞ்ச நேரத்தில் கடற்காற்று எழும்பும். பின்பக்க ஜன்னலைத் திறந்து வைத்தால் அது கடை வழியாகப் புகுந்து பச்சை வலையைத் தெருப்பக்கம் உப்பித் தள்ளும். இந்தக் கடைக்கு இப்படி ஒரு நேரம் உண்டு என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

பிறகு ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரியில் காலை வேலை முடிந்த நர்ஸுகள். கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்களில் வேலை செய்கிற பெண்கள், சாப்பாட்டு இடைவேளையில். வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டுத் தனக்கென்று ஒரு மணி நேரம் கிடைத்தவர்கள். அவர்களுக்கு அந்த நேரம்தான் நேரம். நாங்கள்தான் இவ்வளவு காலமும் அந்த நேரம் பார்த்துக் கடையை அடைத்து வைத்திருக்கிறோம்.

ஒரு மத்தியானம், நர்ஸ் ஒருத்தி மயில்கழுத்து நிறத்தில் லைனிங் கேட்டு நின்றாள். துணியை அளக்கும்போது தற்செயலாக வலை வழியே பார்த்தேன். சுவர் ஓரத்தில் அவளுடைய ஸ்கூட்டரின் மேல் ஒரு ஆள் பக்கவாட்டாக உட்கார்ந்து செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஏதோ கம்பெனி அட்டை. வயது நாற்பதுக்கு மேல். நிழலில் நிற்கிற வண்டியில் யாராவது உட்கார்ந்து பேசுவது எங்கள் தெருவில் சகஜம். நான் அவளிடம், அது உன் வண்டிதானே, உன் வீட்டுக்காரரா என்று கேட்டேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, இல்லை, யாரென்று தெரியவில்லை என்றாள்.

சத்தம் போட்டால் அண்ணாச்சி வந்து முதலில் சட்டையைப் பிடிப்பார். அந்த ஆள் சும்மா நிழலுக்கு உட்கார்ந்தவராக இருந்தால் இன்னொரு பாவம். அதனால் கையில் அளவுகோலோடு தெருவைக் கடந்து போனேன். நர்ஸை உள்ளேயே இருக்கச் சொன்னேன்.

"அண்ணாச்சி, ஒரு ஆட்டோ வருது. வண்டிய கொஞ்சம் நகத்துதியளா?" என்று அந்த ஆளிடம் கேட்டேன்.

அவர் அழகாகச் சிரித்தார். "சாவி வீட்டம்மாட்ட இருக்கும்மா. இந்தா வந்துருவா."

"எந்தக் கடையில இருக்காங்க? நான் கூப்பிடுதேன்."

அவர் சட்டென்று பேக்கரியைக் காட்டினார். பேக்கரி அக்கா தன் வாசலில் நின்று இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கடையில் அப்போது ஒரு ஈயும் இல்லை. அக்காவைப் பார்த்ததும் அந்த ஆளின் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்று பிறகு போயிற்று. எழுந்தார். சீட்டின் பின்பக்கம் ஏற்கனவே ஒரு விரல் அளவுக்குத் தூக்கியிருந்தது, அதில் ஒரு தட்டையான இரும்புத் துண்டு செருகியிருந்தது.

அவர் ஓடவில்லை. ஓடியிருந்தால் நாங்கள் பிடித்திருக்க முடியாது. வேகமாக நடந்தார், நடந்துகொண்டே யாருடனோ போனில் பேசுவது போலப் பேசினார். தெருமுனையில் பாத்திரக்கடை அண்ணாச்சி எதிரே வந்துகொண்டிருந்தார். பேக்கரி அக்கா, அந்த ஆளை நிறுத்துங்க அண்ணாச்சி, கைய மட்டும் வைக்காதிய என்று குரல் கொடுத்தார். அண்ணாச்சி தெருவை அடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்து நின்றார். முகத்தைப் பார்த்ததும் அவருக்கே திகைப்பு.

"இவருக்கு நான் எத்தன தடவ தண்ணி குடுத்திருக்கேன்" என்றார்.

எங்கள் எல்லோருக்குமே அந்த முகம் தெரியும். போன கோடை முழுவதும் அந்த நிழலில் உட்கார்ந்து போன் பேசியவர். வெளியூரிலிருந்து வந்தவரில்லை, எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளிக் குடியிருக்கிறவர். சப்-இன்ஸ்பெக்டர் அம்மா வரும் வரை அவரைப் பேக்கரியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா தண்ணீர்கூட வைத்தார். பஜாரில் வேறு இரண்டு தெருக்களிலும் அவர் இதையே செய்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. மூன்றிலும் மத்தியானத்தில் நிழல் விழுகிற பக்கம் வெறும் சுவர்தான்.

ஆசிரியைக்குக் கொலுசு கிடைத்தது. கோர்ட் வழியாகக் கைக்கு வருவதற்குள் மகளுக்குக் கால் வளர்ந்துவிட்டது. இரண்டு கண்ணி சேர்த்துப் போட்டிருப்பதாகச் சொன்னார். செல்போன் கிடைக்கவில்லை, சாவியும் கிடைக்கவில்லை.

பெரியதாழைக்காரர் சில வாரம் கழித்து மனைவியோடு வந்தார். அந்த மெரூன் சரியில்லையாம். அந்தப் பெண் சேலையையே கொண்டுவந்து பெஞ்சில் விரித்து, இது மெரூன் இல்லை, அரக்கு என்று எனக்கும் அவருக்கும் சேர்த்துப் பாடம் எடுத்தாள். அவர்களைப் பார்த்துவிட்டுப் பாத்திரக்கடை அண்ணாச்சி வந்து வாசலில் நின்றார். பேசுவதற்குத் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, அன்னைக்கு ஆள் தெரியாம கைய வச்சுட்டேன்."

மீனவர் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆள் தெரியாட்டா வைக்கலாமா அண்ணாச்சி?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. வைக்கக் கூடாதுதான் என்றார் அண்ணாச்சி. பிறகு மூவருக்கும் தேநீர் சொல்லி, தானும் ஒரு டம்ளரை வாங்கிக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தார். அந்தப் பெண் தேநீரைக் குடித்துக்கொண்டே அவரிடம் இட்லிக் கொப்பரை விலை விசாரித்தாள். அவ்வளவு குறைத்து அவர் விலை சொன்னது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பஜாரில் திருட்டு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன திருவிழாவில்கூட ஒரு சங்கிலி போனது. சப்-இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கும் மாற்றல் வந்துவிட்டது. போகிற அன்று வந்து தன் தாயாருக்கென்று ரவிக்கைத் துணி எடுத்துக்கொண்டு போனார். ஆனால் எங்கள் தெருவில் வண்டியை விட்டுவிட்டுப் போகிறவர்கள் இப்போது எங்களைப் பார்த்து ஒரு தலையசைப்போடு போகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்பது போல. நாங்களும் பார்த்துக்கொள்கிறோம். வரிசையில் பாதிக் கடைகள் மத்தியானம் திறந்திருக்கின்றன.

என் வீட்டுக்காரரும் இப்போது வீட்டுக்குப் போவதில்லை. அங்கே தனியாகத் தூக்கம் வரவில்லையாம். கடைக்குப் பின்னால் லைனிங் கட்டுகளின் மேல் ஒரு போர்வையை விரித்து, சாப்பிட்ட கையோடு படுத்துவிடுகிறார். நேற்று ஒரு பெண் சந்தன நிறம் கேட்டாள். அந்தக் கட்டு அவருடைய தலைக்கு அடியில் இருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. கொஞ்சம் உட்காருங்கள், கால்மணி நேரத்தில் எடுத்துத் தருகிறேன் என்றேன். அவளும் அவசரமில்லை அக்கா என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.